நுரை மிதந்த ஓடை

மலையடிவாரக் காட்டில் ஓர் ஓடை இருந்தது. அந்த ஓடையின் தண்ணீர் கெடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை விலங்குகளின் சபை ஒரு காட்டு வாத்திடம் ஒப்படைத்திருந்தது. அதன் பெயர் புள்ளிமூக்கன். மாதம் ஒருமுறை அது ஓடை நெடுகப் பார்த்துவிட்டு வந்து, சபைப் பாறைமேல் நின்று, "சுத்தம்!" என்று கூவும். அதைக் கேட்ட பிறகுதான் மான் முதல் முயல் வரை நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கும்.

புள்ளிமூக்கன் கையூட்டு வாங்காது. பொய் சொல்லாது. ஆனால் மரியாதை என்றால் அதற்கு உயிர். யார் இடத்துக்குப் போனாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகும். அதனால் ஒவ்வொரு முறையும் முதல் நாளே மரங்கொத்தி ஓடைக்கரை மரங்களில் 'டொக் டொக்' என்று தட்டி, "நாளைக்குப் புள்ளிமூக்கர் வர்றாரு!" என்று அறிவித்துவிட்டு வரும்.

ஓடையின் மேல்பகுதியில் காட்டுப்பன்றிகள் குடியிருந்தன. அவற்றின் தலைவர் கோரைப்பல்லர். பன்றிகளுக்கு உண்ணித் தொல்லை தாங்க முடியவில்லை. அதற்காக, நுரையும் நஞ்சும் கொண்ட காரைக்காய்களைக் குட்டையில் கொட்டி மிதித்து, நுரை பொங்கப் பொங்கக் குளிக்கும். உண்ணி செத்துவிடும். அழுக்குத் தண்ணீரை ஒரு வாய்க்கால் வழியாக ஓடையில் திறந்துவிடும். கீழே மீன்கள் வயிறு மேலாக மிதந்தால் அவற்றுக்கென்ன?

மரங்கொத்தி தட்டிய உடனே பன்றிகள் வாய்க்காலைச் சேற்றால் அடைத்துவிடும். மறுநாள் புள்ளிமூக்கன் வரும்போது ஓடை கண்ணாடி மாதிரி கிடக்கும்.

"வாங்க, வாங்க! வழியெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று கோரைப்பல்லர் குழைவார்.

"சௌகரியம்தான். தண்ணியைப் பார்க்கட்டுமா?"

"தாராளமா! நம்ம ஓடைதானே!"

புள்ளிமூக்கன் அலகை நனைத்துப் பார்க்கும். தண்ணீர் இனிக்கும். 'எவ்வளவு பண்பான ஜனங்கள்!' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு திரும்பும்.

ஒருநாள் ஓடையின் கீழ்ப்பகுதியில் இருந்த மடுவிலிருந்து நுணலி என்ற தவளை வந்தது. அதன் கண்கள் கலங்கியிருந்தன.

"ஐயா, என் தலைப்பிரட்டைங்க எல்லாம் செத்துப்போச்சு. மடுவுல நுரை நுரையா வருது."

"நேத்துதானே பார்த்தேன்! சுத்தமா இருந்துச்சே!"

"நீங்க பார்க்கிற அன்னிக்கு சுத்தமாத்தான் இருக்கு. இன்னிக்கு வந்து பாருங்க. யார்கிட்டயும் சொல்லாம வாங்க!"

புள்ளிமூக்கனுக்குச் சுருக்கென்றது. "சொல்லாம கொள்ளாம அடுத்தவங்க வாசல்ல போய் நிக்கச் சொல்றியா? நான் என்ன திருடனா? அடுத்த மாசம் முறைப்படி வர்றேன், போ!" என்றது.

நுணலி தத்தித் தத்திப் போய்விட்டது. பெற்ற வயிறு எப்படி எரியும் என்று அன்று புள்ளிமூக்கனுக்குப் புரியவில்லை.

அடுத்த மாதமும் மரங்கொத்தி தட்டியது. பன்றிகள் வாய்க்காலை அடைத்தன. புள்ளிமூக்கன் பார்த்தது, பாறைமேல் ஏறியது, "சுத்தம்!" என்று கூவியது.

புதருக்குள் கூட்டில் இருந்த அதன் மனைவி செங்காலிக்குப் பெருமை பொங்கியது. முட்டையிலிருந்து வெளிவந்திருந்த குஞ்சுகளிடம், "கேட்டீங்களா? உங்க அப்பா குரல்! நாளைக்குக் காலையில உங்களை மடுவுல நீந்த விடுறேன்!" என்றது.

மறுநாள் காலையில் செங்காலி முன்னே நீந்த, குஞ்சுகள் வரிசையாகப் பின்னே இறங்கின. கரையில் நின்று புள்ளிமூக்கன் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வாழ்நாளில் அதைவிட அழகான காட்சி வேறில்லை.

மேலேயிருந்து வெள்ளையாக நுரை மிதந்து வந்தது.

வாத்துக் குஞ்சின் மெல்லிய இறகுத் தூவியில் எண்ணெய்ப் பசை இருக்கும். அதனால்தான் அது நனையாமல் மிதக்கும். காரைக்காய் நுரை பட்டதும் அந்தப் பசை கரைந்துவிட்டது. குஞ்சுகள் நனைந்தன. கனத்தன. ஒவ்வொன்றாக மூழ்கத் தொடங்கின.

"ஐயோ! பிள்ளைங்க!" என்று செங்காலி அலறியது.

புள்ளிமூக்கன் பாய்ந்தது. நாணலுக்குள்ளிருந்து நுணலியும் பாய்ந்தது. இரண்டுமாக முட்டித் தள்ளிக் குஞ்சுகளைக் கரை சேர்த்தன. கடைக்குட்டியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

செங்காலி அந்தக் குஞ்சை அலகால் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. பிறகு கணவனைப் பார்த்து, "நீங்க சுத்தம்னு சொன்னீங்களே!" என்றது. அந்த ஒரு வார்த்தையைத் தாங்குவதற்குப் புள்ளிமூக்கனுக்கு நெஞ்சில் வலுவில்லை.

அது உடனே ஓடையின் மேல்பகுதிக்குப் பறந்தது. இந்த முறை மரங்கொத்தி தட்டவில்லை. பன்றிகள் நுரைக்குள் புரண்டுகொண்டிருந்தன. உடைத்துவிட்ட வாய்க்கால் வழியே வெள்ளை நுரை ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. அடைப்புச் சேறு பக்கத்திலேயே குவிந்து கிடந்தது.

கோரைப்பல்லர் திடுக்கிட்டு எழுந்தார். "என்னங்க இது! ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?"

"உங்க நுரை என் பிள்ளைகிட்ட சொல்லிட்டா வந்துச்சு?" என்றது புள்ளிமூக்கன்.

பன்றித் தலைவர் தலையைத் தொங்கப்போட்டார்.

அன்றே சபை கூடியது. பன்றிகள் வாய்க்காலை நிரந்தரமாக மூட வேண்டும், ஓடைக்கு வெகு தூரத்தில் குழி தோண்டித்தான் குளிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. பிறகு புள்ளிமூக்கன் எழுந்து, "எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம். நுணலி சொன்னப்பவே நான் போயிருந்தா என் பிள்ளை இருந்திருக்கும். அவ பிள்ளைங்க போனப்பவே எனக்கு உறைச்சிருக்கணும்" என்று அழுதது.

எல்லோரும் நுணலியைப் பார்த்தார்கள். அது ஏசும் என்று எதிர்பார்த்தார்கள்.

"நீங்களே பாருங்க ஐயா. இனிமே உங்களைவிட கவனமா யாரும் பார்க்க மாட்டாங்க" என்றது நுணலி.

அடுத்த மாதம் பிறந்தது. மரங்கொத்தி வந்து, "எப்ப வர்றீங்கன்னு தட்டட்டும்?" என்று கேட்டது.

"தட்டவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் புள்ளிமூக்கன் கிளம்பியது. எந்தப் பக்கம் போகிறது என்று செங்காலியிடம்கூடச் சொல்லவில்லை.

முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செல்லும் கண்காணிப்பு, குற்றம் செய்பவனுக்குத்தான் காவலாக இருக்கும்.