மூச்சுக்குக் காவலிருந்த சிவனணைந்தார்

தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் படகொன்றில், காற்று மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் சிவனணைந்தாரின் தொழில். மெஷின் காற்றை அழுத்தி ரப்பர் குழாய்களில் தள்ளும். ஏழு பாக ஆழத்தில், அதாவது நாற்பதடிக்கும் கீழே, நான்கு பேர் அதைச் சுவாசித்தபடி சங்கு பொறுக்குவார்கள். குளிப்பவர்களுக்கு ஊரில் பேர் உண்டு. மெஷின்காரருக்கு உடம்பெல்லாம் எண்ணெய்தான்.

அந்த எண்ணெய்தான் அவருடைய எதிரி. மெஷினுக்குள் ஓடுவது சூட்டில் ஆவியாகிக் காற்றோடு கிளம்பும். நெஞ்சில் படிந்தால் ஆளைக் கொல்லும். அவசரமே படாமல் கொல்லும். சங்கு குளித்துக்கொண்டிருந்த அவருடைய தம்பி உலகநாதன் முப்பத்தோரு வயதில் இருமி இருமிப் போனது அப்படித்தான். அதன் பிறகே சிவனணைந்தார் படகில் இரண்டு பில்டர் டப்பாக்களைப் பொருத்தினார். முதல் டப்பாவில் அடர்ந்த கம்பளி. எண்ணெய்த் துளிகளைப் பிடித்து வைக்கும். இரண்டாவதில் கரி, தப்பி வரும் ஆவியை உறிஞ்சிக்கொள்ளும்.

தினமும் படகு கிளம்புமுன் கம்பளியையும் கரியையும் மாற்றுவார். குழாயின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நூற்றெட்டு முறை நமசிவாய சொல்வார். துணி வெள்ளையாகவே இருந்தால்தான் படகு நகரலாம். கோயில் நடை திறக்கும் நேரத்தில் நடுக்கடலில் இருப்பவருக்கு அதுவே பூசை.

படகின் சொந்தக்காரர் கஸ்பார் சம்மாட்டிக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

"என்னவே, துணிக்குத் தீபாராதனை முடிஞ்சுதா? கடல்ல மீனெல்லாம் பல்லு வெளக்கியாச்சு!"

"இன்னும் இருவது பாக்கி சம்மாட்டி" என்பார் சிவனணைந்தார். கோபப்பட மாட்டார். எண்ணிக்கையையும் விட மாட்டார்.

மாசி மாதத்தில் ஒரு நாள். காற்றில்லை. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. நான்கு பேரும் இறங்கிவிட்டார்கள். அவர்களில் இளையவன் இஞ்ஞாசி. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

கீழே போகும் காற்றிலிருந்தே ஐந்தாவதாக ஒரு குழாயைத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது தாமும் இழுத்துப் பார்ப்பது சிவனணைந்தாரின் வழக்கம். பதினொரு மணி இருக்கும். இழுத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

பச்சைக் கற்பூரம்!

சன்னதியில் திரை விலகியதும் முகத்தில் வந்து மோதுமே, அதே வாசம். வேறொருவர் என்றால் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார். சிவனணைந்தாருக்குச் சந்தேகம்தான் வந்தது. நல்ல காற்றுக்கு ஏது வாசம்? துணியைப் பிடித்தார். வெள்ளை. மறுபடி பிடித்தார். வெள்ளைதான். மெஷின் சத்தத்திலும் மாற்றமில்லை. வாசம் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

"சம்மாட்டி, இத கொஞ்சம் மோந்து பாருங்க."

கஸ்பார் இழுத்துப் பார்த்தார். "ஒண்ணுமில்லயே."

"கற்பூரம் அடிக்கல?"

"கற்பூரமா? வெயிலு மண்டைக்கு ஏறிட்டுவே உமக்கு."

"பயலுவள மேல எடுத்துருவோம்."

"என்னது! ஆறு நாளா கலங்கிக் கெடந்த தண்ணி இன்னைக்குத்தான் தெளிஞ்சிருக்கு. உம்ம சாமி வாசமா வந்து நிக்காருன்னா கும்புட்டுட்டுச் சும்மா இரும்!"

"சாமின்னா எனக்கு வரட்டும். பயலுவ மூச்சுக்குள்ள அவருக்கு என்ன சோலி?"

சொல்லிவிட்டார். தப்பாகப் போனால் இந்தப் படகில் தமக்கு இடமில்லை. நாளைக்கு வருகிறவன் கம்பளியை மாற்றுவானா? துணி பிடிப்பானா? நினைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் நால்வர் இடுப்பிலும் கட்டியிருந்த கயிறுகளை, மேலே வரச் சொல்லி மும்மூன்று முறை சுண்டினார்.

ஒரு கயிறு பதில் சுண்டியது. இன்னொன்று. மூன்றாவது.

நான்காவது அசையவில்லை. இஞ்ஞாசியின் கயிறு!

மறுபடி சுண்டினார். பதிலில்லை. கஸ்பாரின் முகமும் மாறியது. நமசிவாய என்றபடி இன்னொரு முறை சுண்டினார். கயிறு மெல்ல இறுகி, மூன்று முறை துடித்தது. நால்வரும் படகில் ஏறினார்கள். பாறையில் மாட்டிய சங்குப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தானாம் இஞ்ஞாசி.

"நல்லாப் பொறுக்கிட்டு இருக்கையில ஏன் அண்ணாச்சி இழுத்திய?" என்று கேட்டான்.

"எதாவது வாசம் வந்துதாலே?"

"ஒரு எழவும் வரல."

கஸ்பாருக்கு அது போதுமானதாக இருந்தது. "கேட்டீராவே? நாளையிலருந்து நீரு கரையிலயே இரும். உம்ம துணியயும் கூட்டிட்டுப் போயிரும்."

சிவனணைந்தார் மெஷினை நிறுத்தி, முதல் டப்பாவைத் திறந்தார். கம்பளி மேலிருந்து கீழ்வரை கிழிந்து தொங்கியது. இரண்டாவதைத் திறந்தார். மேலாகக் கரி உலர்ந்துதான் இருந்தது. விரலை விட்டுத் தோண்டினார். ஒரு விரற்கடைக்குக் கீழே எல்லாம் எண்ணெய். காற்று நுழையும் அடிப்பக்கத்திலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. நான்கு உயிருக்கும் எண்ணெய்க்கும் நடுவே மிச்சமிருந்தது அந்த ஒரு விரற்கடைக் கரி.

"இன்னும் கால் மணி நேரம் தாங்கியிருக்கும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

இஞ்ஞாசி இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கஸ்பார் டப்பாக்களைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். கற்பூரம் ஒரு துணுக்குகூட இல்லை. சிலுவை போட்டுக்கொண்டார்.

"எங்க ஒருத்தருக்கும் வராத வாசம் உமக்கு மட்டும் எங்கருந்துவே வந்துச்சு?"

அந்தக் கேள்வியில்தான் சிவனணைந்தாருக்கு விளங்கியது. எண்ணெய்க் கைகளாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"இந்த டீசல் நாத்தத்துலயா வந்து உக்காந்திருந்தீரு?" என்று தம் சிவனிடம் கேட்டுக் கேட்டு அழுதார்.

அன்று அவரை ஒருவரும் கேலி செய்யவில்லை. பாதிப் பை சங்கோடு படகு திரும்பியது. கரையில் கால் வைத்ததும் கஸ்பார், அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "நாளைக்குப் பூசை எத்தன மணிக்குவே?"

"நாலரைக்கு சம்மாட்டி."

அந்த வாசம் அதன்பின் ஒரு நாளும் அவருக்கு வரவில்லை. வரவில்லையே என்று அவர் ஏங்கவுமில்லை. வராத நாளெல்லாம் நல்ல நாள் என்றே எண்ணினார். அடுத்தவர் மூச்சையே ஆண்டவன் சன்னதியாகக் காத்த சிவனணைந்தாரின் எண்ணெய் படிந்த திருக்கரங்களை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.