மழைக் கோப்பு இருக்கும் இடம்

அருளப்பனுக்கு ஐம்பத்து நான்கு வயது. மழை அளவு குறிக்கும் அரசு வேலையில் இருந்துகொண்டே ஏழு வருடம் ஆராய்ச்சி செய்து முடித்திருந்தார். அவருடைய நெறியாளர் மெஹருன்னிசா அவரைவிடப் பதினாறு வயது இளையவர்.

அன்றைக்கு அருளப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. முப்பது வருட மழையை அலசும் அவருடைய புரோகிராம், நாற்பது முறை ஓட்டியும் ஒரு பிழைகூடக் காட்டவில்லை.

“கையெழுத்துப் போடுங்க மேடம். தேர்வாளருக்கு அனுப்பிடலாம்.”

வெளிமாநிலத் தேர்வாளர் கறாரான ஆள். புரோகிராமைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார். ஓடாவிட்டால் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஏழு வருடமும் வீண்.

மெஹருன்னிசா பேனாவை எடுக்கவில்லை. அருளப்பனின் ஃபோல்டரைப் பென் டிரைவில் வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்டார்.

“நீங்களே ஓட்டுங்க சார்.”

ஓட்டினார். மழைக் கணக்கு இருக்கும் கோப்பைக் காணவில்லை என்று சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது.

“என் லேப்டாப்ல ஜம்முனு ஓடுச்சே மேடம்!”

“கோப்பு எங்க இருக்குன்னு எழுதியிருக்கீங்க?”

“சி டிரைவ், யூசர்ஸ், அருளப்பன், டெஸ்க்டாப், ஆய்வு, மழை.”

வாசிக்கும்போதே குரல் இறங்கியது. இப்படி முப்பத்தொரு இடத்தில் எழுதியிருந்தார். திரும்பின பக்கமெல்லாம் தன் பெயரைப் பார்ப்பதில் மனுஷனுக்கு ஒரு சுகம், வேறென்ன!

“லேப்டாப்பையே கொண்டுபோய் தேர்வாளர் கையில கொடுத்துடறேன்” என்று வீம்பாக எழுந்தார்.

“சரி. அவருக்கு அப்புறம் ஓட்டிப் பாக்கறவங்களுக்கு?”

கதவுப் பக்கம் போன அருளப்பன் நின்றுவிட்டார்.

“மழைக் கோப்பு இப்போ எங்க இருக்கு சார்?”

“இதே ஃபோல்டர்லதான். புரோகிராமுக்குப் பக்கத்துலயே.”

“பக்கத்துல உக்காந்திருக்கிறவரைக் கூப்பிட, ஊர், தெரு, கதவு நம்பரெல்லாம் சொல்லுவீங்களா?”

அருளப்பன் மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். முப்பத்தொரு இடத்திலும் நீண்ட விலாசத்தை அழித்து, கோப்பின் பெயரை மட்டும் விட்டார். தன் பெயரைத் தானே அழிப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு ஓட்டினார். அட்டவணைகள் கடகடவென்று வந்து விழுந்தன. மெஹருன்னிசா கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து அவரே போனில் கூப்பிட்டார்.

“தேர்வாளர் ஓட்டிப் பாத்துட்டார் சார். முதல் தடவையே எல்லா அட்டவணையும் வந்திருச்சாம். உங்க ஆய்வேட்டை ஏத்துக்கிட்டார்.”

அருளப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீஸ் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“என்னைப் பத்தி என்ன கேட்டார் மேடம்?”

மெஹருன்னிசாவின் குரலில் பெருமை பொங்கியது.

“ஒண்ணுமே கேக்கலை சார். நீங்க பக்கத்துல இல்லாமலே ஓடிருச்சு, கேக்க வேண்டிய அவசியமே வரலை.”