துரை அடுப்பின் நாலாவது கால்

சங்குமேட்டில் பஞ்சாயத்து அலுவலகம் இருக்கிறது, தபால் நிலையம் இருக்கிறது, பாரம்பரியப் பாதுகாப்புக் கமிட்டியும் இருக்கிறது. முதல் இரண்டும் பாதி நாள் பூட்டிக் கிடக்கும். கமிட்டி மட்டும் ஓயாமல் வேலை செய்யும். ஊருக்கு வந்த கஷ்டம் அதுதான்.

கமிட்டியில் மூன்று பேர். தலைவர் ஏகாம்பரம் எதையும் முடிவு செய்வதற்கு முன் கண்ணை மூடிக்கொள்வார்; முடிவு செய்த பிறகும் சில சமயம் திறக்க மாட்டார். குஞ்சிதபாதத்திடம் பெரிய திரை போட்ட போன் இருந்ததால் அவரைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். தொண்டீஸ்வரனிடம் போன் கிடையாது, உடம்பில் பலம் உண்டு. அவர் உறுப்பினர்.

பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மரகதவல்லி சுட்ட மீன் கடை போட்டிருந்தாள். மிளகாய் அரைத்துத் தடவிய மீனை அவள் சுடுவது ஒரு பழைய இரும்புக் கரி அடுப்பில். இடுப்பு உயரம், நாலு கால், மேலே கம்பித் தட்டு. உப்பளத்து அதிகாரியாக இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரை ஊரைவிட்டுப் போகும்போது போட்டுவிட்டுப் போனது என்று ஒரு பேச்சு. அதெல்லாம் இல்லை, யாரோ காயலான் கடையில் பொறுக்கிவந்து கட்டியது என்று இன்னொரு பேச்சு. மீன் வெந்துகொண்டிருந்தவரை மரகதத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

சாலையை அகலப்படுத்துகிறோம், கடையை எடு என்று அதிகாரிகள் சொன்னபோதுதான் அது ஒன்றாக இல்லாமல் போனது. அதே வாரம் மாவட்ட அருங்காட்சியகத்திலிருந்து ஒரு சேதி வந்தது. துரை விட்டுப்போன அசல் அடுப்புதான் என்றால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பதிலுக்கு அருங்காட்சியக முற்றத்தில் மரகதத்துக்குக் கூரை போட்ட கடை கிடைக்கும். பிற்பாடு மாற்றிக் கட்டியது என்றால் அடுப்பு அவளுக்கே. அதை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்பதும் அவள் பாடு.

அருங்காட்சியகக் காப்பாட்சியர் அருளானந்தம் திங்கட்கிழமை நேரில் வருவதாக இருந்தார். அதற்கு முன்னால் கமிட்டிக்குப் போன் செய்து, துரையும் அடுப்பும் இருக்கிற ஒரு பழைய படத்தை அனுப்பினார். அடுப்பைப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது என்றார். பாவம், நல்ல மனிதர். யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

ஒரு வித்தியாசமும் இருக்கக் கூடாது என்பதைக் கமிட்டி உத்தரவாக எடுத்துக்கொண்டது.

முதல் வித்தியாசத்தை ஏகாம்பரமே கண்டுபிடித்தார். படத்தில் அடுப்பு கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது. கடையில் இருப்பதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். குஞ்சிதபாதம் துக்கம் தாளாமல் படத்தின் மேல் இரண்டு விரலை வைத்து விரித்தார். அடுப்பு பெரிதானது. இன்னும் விரித்தார். இன்னும் பெரிதானது. தங்கள் கண்ணெதிரிலேயே இவ்வளவு வளர்கிற அடுப்பு, துரை போன நாளிலிருந்து எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று ஏகாம்பரம் கேட்டார். அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று முடிவாயிற்று.

அடுத்தது நிறம். படத்தில் அடுப்பு சாம்பல் நிறம், கடையில் துருப்பிடித்த செம்மண் நிறம். தொண்டீஸ்வரன் ஒரு கூடைச் சாம்பலை அள்ளி அடுப்புக்குப் பூசிவிட்டார். படத்தில் கடலும் சாம்பல் நிறமாகத்தான் இருந்தது. அது மத்திய அரசின் பொறுப்பு என்று விட்டுவிட்டார்கள். படத்தில் இருக்கிற துரை இங்கே இல்லையே என்றும் பேச்சு வந்தது. அவர் ஊருக்குப் போய்விட்டது எல்லோருக்கும் தெரியும், அதனால் குற்றமில்லை.

பிறகு குஞ்சிதபாதம் கரியில் கைவைத்தார். இந்தக் கரி எப்போது வாங்கியது என்று மரகதத்தைக் கேட்டார். இன்று காலையில் என்றாள் அவள். நேற்றைய கரி எங்கே என்றார். எரிந்துபோனது என்றாள். குஞ்சிதபாதத்தின் முகம் இருண்டது. அப்படியானால் அடுப்பின் உள்பாகம் தினமும் மாற்றப்படுகிறது, இது மாற்றிக் கட்டிய அடுப்புதான் என்றார்.

மரகதம் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க கூடத்தான் தினம் வேற சோறு திங்கிறீங்க. நீங்க அசலா?"

ஏகாம்பரம் கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். கடைசியில் எதற்கும் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தவர், கரி விஷயத்தை இதோடு விட்டுவிடலாம் என்றார். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மரகதம் ஐஸ் வாங்கப் போயிருந்தாள். அப்போதுதான் தொண்டீஸ்வரன் கால்களை எண்ணினார். படத்தில் அடுப்புக்கு மூன்று கால். நாலாவது கால் பின்பக்கம் மறைந்திருந்தது. ஆனால் மறைந்திருப்பதைப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"நாலு இருக்கே, தலைவரே."

"யாரோ பின்னால சேர்த்திருக்கான்" என்றார் ஏகாம்பரம். "இப்படியே விட்டா நாளைக்கு மரகதம் கடை போச்சு."

மரகதத்தின் மேல் அவர்களுக்கு இருந்த அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த அக்கறையில்தான் ரம்பம் கொண்டுவந்தார்கள். பாதிக் கால் அறுபட்டதும் ரம்பம் உடைந்தது. மீதியைத் தொண்டீஸ்வரன் உதைத்துப் பிய்த்தார். அடுப்பு அப்படியே குடைசாய்ந்தது.

ஐஸ் பெட்டியோடு வந்த மரகதம் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"ஏண்ணே, கால் எங்க?"

"கூடுதலா ஒண்ணு இருந்துச்சு, தங்கச்சி. எடுத்தாச்சு. இனி கவலை இல்ல" என்றார் ஏகாம்பரம்.

அவள் அழவில்லை. பிய்ந்த காலைக் கையில் எடுத்தாள். அப்போது அவள் அதை என்ன செய்ய நினைத்தாள் என்பதைத் தொண்டீஸ்வரன் மட்டும் சரியாகப் புரிந்துகொண்டு இரண்டடி தள்ளி நின்றார். நாளைக்கு ஆபீசர் வந்து இந்தக் கோலத்தைப் பார்த்தால் எனக்குக் கடையும் இல்லை, அடுப்பும் இல்லை என்று சொல்லிவிட்டு, அந்தக் காலை மீன் கூடைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அடுப்பை நிமிர்த்த வேண்டுமே. செங்கல் வைக்கலாம் என்றார் தொண்டீஸ்வரன். படத்தில் செங்கல் உண்டா என்று கேட்டார் குஞ்சிதபாதம். கட்டை வைக்கலாம் என்றார் தொண்டீஸ்வரன். கட்டையும் படத்தில் இல்லை. நீண்ட விவாதத்துக்குப் பிறகு, முன்னாலிருந்து பார்த்தால் தெரியாதபடி தொண்டீஸ்வரனே பின்னால் குந்தி, மூலையைத் தோளில் தாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். தொண்டீஸ்வரனும் கை தூக்கினார்.

திங்கட்கிழமை அருளானந்தம் பெரிதாக அச்சிட்ட படத்தோடு வந்தார். முன்னால் நின்று பார்த்தார். சாம்பலைத் துடைத்துவிட்டு ஆணிகளைத் தடவினார், கம்பித் தட்டைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மரகதம் மீன் கூடையோடு பக்கத்தில் நின்றாள். பிறகு அவர் அடுப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

"யாருங்க நீங்க?"

"நாலாவது கால், சார்" என்றார் தொண்டீஸ்வரன்.

அருளானந்தம் குனிந்து, தோள் தாங்கியிருந்த மூலையைப் பார்த்தார். பிறகு நாலாவது கால் இருந்ததா, இப்போது எங்கே என்று கேட்டார். ஏகாம்பரம் நடந்ததைப் பெருமையோடு விளக்கினார். காப்பாட்சியர் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாரானார்.

மரகதம் கூடைக்குள் கைவிட்டுக் காலை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். "போறதுக்கு முன்னாடி இதையும் பார்த்துட்டுப் போங்க சார். இதுவும் அந்த அடுப்புதான்."

மரியாதைக்காக வாங்கியவர், பிய்ந்த முனையைப் பார்த்ததும் கண்ணாடியை மாட்டினார். ரம்பம் போன பாதி வழவழவென்று இருந்தது. உதைத்துப் பிய்த்த பாதி, கரும்பை ஒடித்ததுபோல நார் நாராக இருந்தது. அவருக்கு மற்ற பாகங்களில் சந்தேகம் இல்லை. கால்களைத்தான் யாராவது மாற்றியிருப்பார்களோ என்று நினைத்திருந்தார். இப்படி நாராகப் பிய்வது அந்தக் காலத்து இரும்பு மட்டும்தான் என்றும், இக்கால இரும்பு இப்படிப் பிய்யாது என்றும் சொன்னார். காலை உடைத்துப் பார்க்க எந்த அரசாங்கமும் அனுமதி தந்திருக்காது என்பதையும், மனசே இல்லாமல், சொன்னார்.

"அசல்தாம்மா. உன் கடையை முற்றத்துக்கு மாத்திக்கோ."

மரகதம் அப்போதுதான் அழுதாள்.

பிய்ந்த காலை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டு எடுத்துப்போகலாம் என்றார் அருளானந்தம். கமிட்டி ஒரே குரலில் மறுத்தது. ஒட்டினால் அது மாற்றிக் கட்டிய அடுப்பு. அசலைக் கெடுக்க நாங்கள் உயிரோடு இருக்கும்வரை விட மாட்டோம், மேலிடத்துக்கு மனுப் போடுவோம் என்றார் ஏகாம்பரம். அரசு ஊழியர் மனுவுக்குப் பயப்படாமல் இருக்க முடியாது. தலைமை அலுவலகத்தில் அனுமதி கேட்டு எழுதுவது, பதில் வரும்வரை இப்போது இருப்பது இருந்தபடியே இருப்பது என்று பேசி முடித்தார்கள். லாரியில் அடுப்பை ஏற்றினார்கள். தொண்டீஸ்வரனையும் ஏற்றினார்கள்.

பதில் இன்னும் வரவில்லை. முற்றத்தில் மரகதத்தின் புதுக் கடைக்கு நல்ல கூட்டம். மதியத்தில் அவளே அருங்காட்சியகத்துக்குள் வந்து, அடுப்பின் பின்பக்கம் குனிந்து, முள் எடுத்த மீனை ஊட்டிவிட்டுப் போகிறாள். அடுப்பின் முன்னால் ஒரு பலகை தொங்குகிறது: ‘கரி அடுப்பு. மூன்று கால்கள் அசல். நான்காவது, பிற்காலச் சேர்க்கை.’

பிற்காலச் சேர்க்கை என்று எழுதியதில் தொண்டீஸ்வரனுக்கு மனத்தாங்கல். காப்பாட்சியரைக் கூப்பிட்டு நியாயம் கேட்டிருக்கிறார். நூறு வருஷம் ஆன எதையும் இங்கே தொல்பொருள் என்றுதான் எழுதுவோம், அதுவரை விதி இடம் கொடுக்காது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

தொண்டீஸ்வரன் யோசித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு கேட்டிருக்கிறார்.