மூன்றும் ஒன்றும் நாலாம் நம்பர்

திட்டக்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு போட்டோ ஸ்டுடியோ. அங்கே பாவாடை, ஏகாம்பரம், சிங்காரம் என்று மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரும் முதலாளி சொல் தட்டாதவர்கள். கெட்டதும் அதனால்தான்.

ஒருநாள் முதலாளி வெளியூர் கிளம்பினார்.

"தணிகாசலம் படம் அஞ்சு மணி பஸ்ஸில் பொண்ணு வீட்டுக்குப் போகணும். இந்த இடமும் தட்டிப்போனா அவர் சாமியாராயிடுவார். நெகட்டிவில் மஞ்சள் கறை இருக்கு, சாதாரணப் பேப்பரில் போட்டா முகம் மங்கும். நாலாம் நம்பர் பேப்பரில் போடுங்க. கறுப்பும் வெளுப்பும் எடுப்பா வரும்."

இருட்டறையில் நாலாம் நம்பர் பெட்டி காலி.

"மூணாம் நம்பர் இருக்கு. ஒண்ணாம் நம்பரும் இருக்கு" என்றான் பாவாடை.

"அப்ப நாலு இருக்குன்னு சொல்லு" என்றான் ஏகாம்பரம்.

இரண்டு பேப்பரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படம் போட்டார்கள். மருந்துத் தட்டில் முகம் மெல்ல எழுந்தது. சிவப்பு விளக்கில் கறுப்பு போதுமா என்று தெரியவில்லை. சிங்காரம் கதவைத் திறந்து வெயிலில் பிடித்தான். படம் முழுக்கக் கறுத்துவிட்டது.

"கறுப்புக்குக் குறையில்லே" என்றான் சிங்காரம். "மாப்பிள்ளையைத்தான் காணோம்."

நாலு மணிக்குத் தணிகாசலமே வந்து நின்றார், பட்டு வேட்டியோடு.

"நான்தான் இருக்கேனே. இன்னொண்ணு எடுத்துடுங்கப்பா."

எடுத்தார்கள். புது நெகட்டிவ் கண்ணாடிபோல வந்தது. மூவர் முகமும் வாடியது.

"கறை எங்கேடா?"

"ஒரு பொட்டுக்கூட இல்லையே."

"கறை படிஞ்சதைத்தானே முதலாளி போடச் சொன்னார்? இதைப் போட்டா நாளைக்கு யார் பதில் சொல்றது?"

வெகுநேரம் யோசித்தார்கள். ஏகாம்பரம் தன் டீ கிளாஸைப் பார்த்தான். பிறகு நெகட்டிவை அதற்குள் இறக்கினான்.

"கறை பிடிக்குதா?" என்று தணிகாசலம் கவலையோடு எட்டிப் பார்த்தார்.

"இளமஞ்சள்தான். இன்னொரு டீ வேணும், ஸ்டிராங்கா."

அவரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வாங்கி வந்தார். வெளியே அஞ்சு மணி பஸ் ஹாரன் அடித்தது. பாவாடை அவசரப்படவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு கிளாஸைத் திருப்பிக் கொடுத்தான்.

"சர்க்கரை போட்டிருக்காங்க, மாப்பிள்ளே. போற வழியிலே உங்க மூஞ்சியை எறும்பு மொய்க்காதா? சர்க்கரை இல்லாம வாங்கிட்டு வாங்க."

பஸ் புறப்பட்டது. தணிகாசலம் அதை முந்திக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார்.