மேலே நிற்பவர்

"கவலைப்படாதீங்க, கவலைப்படாதீங்கன்னு பிரசங்கத்துல சொல்றீங்க, சாமி. எப்படிப் படாம இருக்கிறதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறீங்க."

சவரிநாதன் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார்.

மதலைமுத்து சாமி மாதா கோயிலுக்குப் பின்னால் துவைகல்லில் தன் அங்கியைக் கும்மிக்கொண்டிருந்தார். சவரிநாதனுக்கு மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. பாலாற்றங்கரையில், தோல் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் அந்தச் சின்னப் பங்குக்குச் சாமியாராக வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. பிரசங்கம் முடிந்தால் சாமி வாயே திறக்க மாட்டேங்கிறார் என்று ஊரில் ஒரு குறை உண்டு.

"என்ன கவலை?" என்றார் சாமி.

"மக ஆக்னஸ் நர்சிங் படிக்கிறா. படிப்பு முடியிற வரைக்கும் எனக்கு இந்த வேலை இருக்கணும்."

சாமி அங்கியைத் திருப்பிப் போட்டார். "இன்னும்?"

"பிலோமினாவுக்கு மூட்டு தேஞ்சு போச்சு. மாடிப்படி ஏற முடியல."

"இன்னும்?"

குழாயிலிருந்து வாளியில் விழும் தண்ணீரையே சவரிநாதன் பார்த்தார்.

"கம்பெனியில ஒரு தொட்டி இருக்கு, சாமி."

சாமி குழாயை மூடினார்.

சவரிநாதன் தோல் கம்பெனியில் மேஸ்திரி. தோல் ஊறிய தண்ணீரெல்லாம் ஓடிச் சேரும் கழிவுத் தொட்டி அது. அடியில் சகதி கட்டிக்கொள்ளும். அதை அவ்வப்போது வார வேண்டும். லாரி வைத்து உறிஞ்சலாம். முதலாளிக்கு அதில் இஷ்டமில்லை. அதனால் ஆளை இறக்குவார்கள். பக்கத்து ஊர்த் தொட்டி ஒன்றில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கித் திரும்பி வரவே இல்லை.

"யாரை இறக்குவீங்க?"

"முனிரத்தினம்னு ஒருத்தன். நல்ல பையன். கூட ஒரு ஆளு."

"அவங்களுக்குப் பயமா இருக்காதா?"

"இருக்கும். நான் மேல நின்னுக்கிட்டு, 'ஒண்ணும் ஆகாது, இறங்கு, நான் இருக்கேன்ல'ம்பேன். இறங்கிடுவாங்க."

"அப்புறம்?"

"அவங்க ஏறி வர்ற வரைக்கும் என் உசிரு என்கிட்ட இருக்காது. வீட்டுக்குப் போனா சோறு இறங்காது. வர்ற வெள்ளிக்கிழமை மறுபடியும் வாரணும்." சவரிநாதன் கைகளைக் குவித்தார். "ஜெபம் பண்ணுங்க, சாமி. இந்தக் கவலை என்னை விட்டுப் போகணும்."

சாமி அங்கியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"வெள்ளிக்கிழமை நான் வரேன்" என்றார்.

சவரிநாதனுக்கு நெஞ்சு லேசானது. தொட்டியை மந்திரிக்க வருகிறார் என்று நினைத்தார். வீட்டுக்குப் போய் பிலோமினாவிடமும் அப்படியே சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் சாமி சைக்கிளில் வந்தார். கையில் தீர்த்தச் செம்பும் இல்லை, ஜெபப் புத்தகமும் இல்லை.

தொட்டியின் மூடி திறந்திருந்தது. அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடித்தது. முனிரத்தினம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்றான். சாமியைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கும்பிட்டான்.

சாமி அவன் அருகே போனார். அங்கியைக் கழற்றி மடித்து அவன் கையில் கொடுத்தார். பனியனோடு நின்றார். பிறகு அவன் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டினார்.

"சாமி, என்ன இது?"

"சொல்லுங்க, சவரிநாதன்."

"என்னத்தைச் சொல்ல?"

"எப்பவும் சொல்றதை."

முனிரத்தினத்தோடு வந்த ஆள் பயத்தில் கெக்கெக்கென்று சிரித்தான்.

சாமி தொட்டி விளிம்பில் திரும்பி, இரும்பு ஏணியின் முதல் படியில் காலை வைத்தார். அடுத்த படியைக் கால் தேடியது.

"வேண்டாம், சாமி! ஏறுங்க! ஏறுங்க மேல!"

சவரிநாதன் பாய்ந்து சாமியின் கையைப் பிடித்து இழுத்தார். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் சிமெண்டுத் தரையில் விழுந்தார்கள். சவரிநாதன் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். பெரிய மேஸ்திரி இப்படி அழுது யாரும் பார்த்ததில்லை.

"இன்னைக்கு வேலை இல்லை" என்றார் கடைசியில். "எல்லாரும் போங்க. மூடியைப் போடுங்க."

முனிரத்தினம் அங்கியைத் தூசு படாமல் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தான். சாமி அதை வாங்கிப் போட்டுக்கொண்டார். அவனிடம் ஏதோ மெல்லக் கேட்டார். அவனும் ஏதோ சொன்னான். பிறகு சாமி சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் சவரிநாதன் போனார். போகட்டும். மனசுக்குள் பிலோமினாவிடம் சொல்ல வேண்டியதைக்கூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முதலாளி கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"நல்ல காரியம் பண்ணே, சவரி. சாமியாருக்கு ஏதாவது ஆகியிருந்தா ஊரே திரண்டு வந்திருக்கும்."

சவரிநாதன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு இதெல்லாம் ஒத்துக்கலைன்னா நீ பாக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவேல்ல?"

"போவேங்க."

"நிம்மதியா போயிட்டு வா. அந்த வேலையை வேற ஆளு பாத்துக்குவான்."

சவரிநாதனுக்குப் புரிந்தது. புரிந்தது என்பதை முதலாளியும் பார்த்தார்.

"சரிங்க" என்றார் சவரிநாதன்.

அன்று வீட்டில் மீன்குழம்பு. இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "சாமி வந்து மந்திரிச்சது வேலை செஞ்சிடுச்சு பாத்தீங்களா?" என்றாள் பிலோமினா. அவர் நடந்ததைச் சொல்லவில்லை. படுத்ததும் தூங்கிப்போனார்.

சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். வாசலில் முனிரத்தினம் நின்றுகொண்டிருந்தான். செருப்பைத் தெருவிலேயே விட்டிருந்தான்.

"நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க, மேஸ்திரி."

"ம்."

"தொட்டி வேலைதானாம். நீங்க இருப்பீங்கல்ல?"

"எனக்குப் பூசை இருக்குப்பா."

"பூசை முடிஞ்சு வர முடியாதா?"

"இனிமே அது என் வேலை இல்ல, முனிரத்தினம். வேற ஆளு போட்டிருக்காங்க."

முனிரத்தினம் தலையைச் சொறிந்தான். போகாமல் நின்றான். உள்ளே ஆக்னஸ் போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நீங்க மேல நின்னா ஒரு தைரியம், மேஸ்திரி. அதான் கேட்டேன்."

போகாதே என்று ஒரு வார்த்தை சவரிநாதனின் தொண்டை வரைக்கும் வந்தது. சொன்னால் இவன் போக மாட்டான். ஏன் போகவில்லை என்று நாளைக்குக் கேட்பார்கள். மேஸ்திரி சொன்னார் என்பான். இவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

"ஒண்ணும் ஆகாது" என்றார். "போ."

முனிரத்தினத்தின் முகம் தெளிந்தது. "சரிங்க மேஸ்திரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை சவரிநாதன் சீக்கிரமே கோயிலுக்குப் போய் முன்பெஞ்சில் உட்கார்ந்தார். எல்லாப் பாட்டுகளையும் பாடினார். நற்கருணை வாங்க அவர் வரிசையில் வந்தபோது சாமி ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தார். இன்றைக்குத் தொட்டி திறக்கிறார்கள் என்பது சாமிக்குத் தெரியாது. சவரிநாதன் கண்களை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது கம்பெனிப் பக்கமாக ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முனிரத்தினம் இறங்கியதும் மயங்கி விழுந்திருக்கிறான். மேலே இருந்தவன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். ஆட்களைக் கூட்டி வந்து வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவன் மனைவி வள்ளி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. வருகிறவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சவரிநாதன் ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றார். அவள் பார்வை மரத்தை நோக்கித் திரும்பியபோது அங்கிருந்து நடந்துவிட்டார்.

மறுநாள் புதைத்தார்கள். இடுகாட்டுக்குச் சவரிநாதன் போகவில்லை.

சாயங்காலம் சாமியைத் தேடிப் போனார். சாமி அப்போதுதான் இடுகாட்டிலிருந்து வந்திருந்தார். குழாயடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் சிவப்பு மண்.

"நான் இறக்கல, சாமி."

சாமி ஒரு காலைத் தேய்த்துக் கழுவினார்.

"நான் அங்க இல்லவே இல்ல. உங்க பூசைலதான் இருந்தேன். முன்பெஞ்சுல. நீங்களே பாத்தீங்க."

"பாத்தேன்."

"அவன் தலையெழுத்து அப்படி. எனக்கு மட்டும் வருத்தம் இல்லையா?"

சாமி அடுத்த காலை நீட்டினார்.

சவரிநாதனின் குரல் உயர்ந்தது. "நான் என்ன சாமி தப்பு பண்ணேன்? வெள்ளிக்கிழமை நிறுத்தினேனா இல்லையா? வேலை போனாலும் போகட்டும்னு நிறுத்தினேன். அத்தனை பேர் முன்னால அழுதேன். அதுக்கு மேல ஒரு மனுஷன் என்ன செய்வான்? சொல்லுங்க!"

சாமி நிமிர்ந்தார். அவர் கண்கள் வீங்கியிருந்தன.

"வெள்ளிக்கிழமை யாரை நிறுத்தினீங்க, சவரிநாதன்?"

"இது என்ன கேள்வி? அவங்களைத்தான்…"

தான் பாய்ந்து பிடித்த கை அவருக்கு ஞாபகம் வந்தது. பக்கத்தில் அங்கியை ஏந்திக்கொண்டு ஒருவன் நின்றதும் ஞாபகம் வந்தது. அவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. அவர் பார்க்கவே இல்லை.

தண்ணீர் சாமியின் காலடியில் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"உங்களை, சாமி" என்றார் சவரிநாதன்.