துரு ஏறாத கல்

கோணேந்தல் என்று ஒரு ஊர். பஸ் கண்டக்டர் அந்தப் பேரைச் சொன்னதே இல்லை. "மொட்டைப் புளியமரம் இறங்கு" என்பார். ஊர்த்தலைவர் வில்லாயுதத்துக்கு அது பெரிய மனக்குறை. கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவையாவது அந்த வாயால் ஊர்ப்பேரைக் கேட்டுவிட வேண்டும். வேறு ஆசை கிடையாது.

ஒருநாள் பட்டப்பகலில் அவர் கொள்ளுக்காட்டில் வானத்திலிருந்து ஒரு கல் தொம்மென்று விழுந்தது. தேங்காய்ப் பருமன்தான். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொண்டது. உடைந்த ஓரத்தில் இரும்பு மினுங்கியது. நடுநடுவே பச்சையும் மஞ்சளுமாய்க் கல்மணிகள்.

படம் பிடித்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். உடனே ஆராய்ச்சிக்காரர் போன் போட்டார்.

"ஐயா, கல்லும் இரும்பும் கலந்த விண்கல் இது. நூத்துல ஒண்ணுதான் இப்படிக் கிடைக்கும். ஒரு குட்டிக் கிரகத்தோட வயித்துக்குள்ள இருந்து வந்தது. பூமியை அவ்வளவு ஆழம் நம்மால தோண்ட முடியாது. உள்ளே என்ன இருக்கும்னு இதை வச்சுத்தான் படிக்கணும். நாளைக்கு வர்றேன். துரு ஏறாம பாத்துக்குங்க. விழுந்த ஊர்ப்பேரைத்தான் கல்லுக்கு வைப்போம்."

வில்லாயுதத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஊரைக் கூட்டினார்.

"துரு ஏறக் கூடாதாம். யாருப்பா அது?"

"துரு பிடிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன்," என்றான் இருளாண்டி. "ஏறுறவன் வேற ஆளு."

"அப்ப எட்டாத உசரத்துல வச்சிருவோம்."

கல்லோடு இருளாண்டியைத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற்றினார்கள். ஏணியை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஜீப் வந்தது. தொப்பிக்காரர் ஒருவர் இறங்கினார்.

"வணக்கம். நான் துருவன்."

ஊரே இரண்டடி பின்னால் நகர்ந்தது.

"வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?" என்றார் வில்லாயுதம்.

"துருன்னு. ஏன்? கல் மேலயா இருக்கு? ஏணி போடுங்க, ஏறிப் பாக்குறேன்."

"டேய் இருளாண்டி! வந்துட்டான்டா! ஏறப் போறானாம்!"

இருளாண்டி யோசிக்கவே இல்லை. கல்லைத் தொட்டிக்குள் போட்டான். தொபுக்!

துருவன் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, தண்ணியிலயா? துரு ஏறிடுமே!"

"எப்படி ஏறுவே? நீச்சல் தெரியுமா உனக்கு?" என்று மேலிருந்து கேட்டான் இருளாண்டி.

"யோவ், ஏறாம பாத்துக்கச் சொன்னதே நான்தான்யா!"

வில்லாயுதம் உருகிவிட்டார். "தன்னையே ஏற விடாதேன்னு சொல்லியிருக்காரு. எவ்வளவு யோக்கியமான மனுசன்!"

தொட்டியை வடித்து, கல்லை எடுத்து, துடைத்துக் கொடுத்தார்கள். துருவன் அதை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்தார்.

"இனிமே உலகத்துல கோணேந்தல்னா இந்தக் கல்லுதான்," என்றார். போய்விட்டார்.

பேப்பரில் செய்தி வந்தது. மறுவாரம் வில்லாயுதம் சந்தைக்குப் போய்த் திரும்பினார். பஸ் மொட்டைப் புளியமரத்தடியில் நின்றது. கண்டக்டர் தொண்டை கிழியக் கத்தினார்.

"கோணேந்தல்! கோணேந்தல் இறங்கு!"

வில்லாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"பெருசு, உங்க ஊருதானே? இறங்கலையா?"

"கோணேந்தல் போன வாரமே ஜீப்புல ஏறிச் சென்னைக்குப் போயிருச்சேப்பா," என்றார் வில்லாயுதம். "நமக்கு மொட்டைப் புளியமரம். வந்ததும் சொல்லு."