நாவலூத்துக்குப் போகாத வழி

முல்லையாற்றங்கரை ஊர்களில் சைக்கிள் மிதிக்கிற கூட்டம் ஒன்று இருந்தது. ஞாயிறு விடியலில் சின்னமனூரில் கூடுவார்கள். வெயில் உறைக்கும் முன் திரும்பிவிடுவார்கள். பேக்கரிக்காரர், வக்கீல், கல்லூரிப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். ஏற்றத்தில் மூச்சு விடவும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜெசிந்தா. ஒரு காலத்தில் மாநிலப் போட்டிகளில் ஓட்டியவர், இப்போது பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். நாற்பது வயது ஆகவில்லை. ஆனாலும் மூத்தவர்கள்கூட அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவரிடம் கற்றவர்களில் சவுந்தரபாண்டி ஐம்பதைத் தாண்டியவர். திராட்சைத் தோட்டக்காரர். வாராவாரம் எந்த வழியில் போவது என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. எந்த ஏற்றத்தில் நிழல் உண்டு, எந்த இறக்கத்தில் மணல் கிடக்கும், எந்தத் தோட்டத்து நாய் கணுக்கால்வரை வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒரு வழியை மட்டும் அவர் போட்டதில்லை. நாவலூத்து என்ற ஊருக்கு முன்னால் ஆற்றில் ஒரு தரைப்பாலம் உண்டு. அதில் கடந்து ஊருக்குள் புகுந்து போனால் மலையடிவாரச் சாலை வந்துவிடும். நோகாத பாதை. கூட்டத்தில் சேர்ந்த புதிதில் பாண்டி, தரைப்பாலம் உடைந்து கிடக்கிறது என்று ஒருமுறை சொன்னார். வழி தெரிந்தவர் சொன்னால் மறுபேச்சு ஏது? எல்லாரும் மேலே போய், வேறு பாலத்தில் ஆற்றைக் கடந்து, கரட்டுக் குன்றின் மேல் ஏறி, நாவலூத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினார்கள். வருஷக்கணக்காக இதுதான் நடந்தது.

கரட்டு ஏற்றத்தில் பேக்கரி சிக்கந்தர் எப்போதும் இறங்கித் தள்ளுவார். தள்ளிக்கொண்டே கேட்பார்.

"யாருப்பா நேந்துக்கிட்டது இது? வாரா வாரம் நாமல்ல தீத்துக்கிட்டு இருக்கோம்."

பாண்டி மிதித்து முன்னால் போய்விடுவார்.

உச்சியில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே வந்ததும் அவருடைய செயின் கழன்றுவிடும். மற்றவர்கள் தாண்டிப் போவார்கள். கடைசியாக வருகிற டீச்சர் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று காத்திருப்பார். பாண்டி குனிந்து செயினை மாட்டுவார். மாட்டிய பிறகும் நிமிரமாட்டார். கீழே பள்ளத்தில் நாவலூத்து தெரியும். ஊர்க்கோடியில் தகரம் போட்ட ஒரு வீடு. கொடியில் துணி காய்கிறதா, வாசல் தெளித்திருக்கிறதா என்று பார்ப்பார். அது அவர் மகள் சுகந்தியின் வீடு.

சுகந்தி அந்த ஊர்ப் பையனைக் கட்டிக்கொண்டவள். பையன், பாண்டியின் ஆட்கள் வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசுகிற சாதி. கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. அவள் வீட்டைவிட்டுப் போன அதே வருஷம்தான் அவர் சைக்கிள் வாங்கினார். வீட்டில் உட்கார்ந்தால் கால் தன்னால் ஆடியது. சாப்பிடும்போது ஆடியது, படுத்தாலும் ஆடியது. ஞாயிறு போதாமல் செவ்வாய், வியாழன் என்று தனியாகவும் கிளம்பினார். தோட்டத்தில் திராட்சைக் கொத்து வெட்டும் நாளில்கூட ஆட்களை விட்டுவிட்டு ஒரு சுற்றுப் போய்வருவார். மனைவி பேச்சியம்மாள் மாதம் ஒருமுறை பஸ் ஏறி எங்கோ போய்வருவாள். எங்கே என்று அவர் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு, டீக்கடையில் மற்றவர்கள் வடைக்கு அடித்துக்கொண்டிருந்தபோது, பாண்டி டீச்சரின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், இந்தப் பக்கத்துல நான் மிதிக்காத ரோடு இல்ல. மிதிச்சா கால் அடங்கும்னு பாத்தேன். அடங்க மாட்டேங்குது. ஏன்?"

டீச்சர் டீயை ஆற்றினார்.

"அடுத்த வாரத்துக்குப் புதுசா ஒரு வழி போடுங்கண்ணே."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலியே."

"வழியப் போடுங்க."

அந்த வாரம் முழுக்கப் பாண்டி வழி போட்டார். போட்டு அழித்து, திரும்பப் போட்டு, செல்போனில் கொண்டுவந்து காட்டினார். டீச்சர் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். இதுவும் கரட்டில்தானே ஏறுகிறது என்றார். வேறு ரோடு இல்லை என்றார் பாண்டி. சரி என்றார் டீச்சர். மறுவாரமும் புது வழி கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். வாழைத்தோப்பு வழியாக ஒன்று, செங்கல் காளவாசல் வழியாக ஒன்று. எங்கே சுற்றினாலும் எல்லாம் கரட்டின் மேல் ஏறி அந்த வளைவுக்கே வந்து சேர்ந்தன. பாண்டிக்கே அது உறைத்தது. உறைத்ததிலிருந்து தூக்கமும் போயிற்று.

ஐப்பசி மழையில் கரட்டு ரோட்டில் பாறை சரிந்தது. பஸ்ஸும் நின்றுபோனது. ரோடு திறக்க நாளாகும் என்றார்கள்.

அந்த ஞாயிறு எல்லாரும் சைக்கிளோடு நின்றார்கள். எங்கே போவது என்று பாண்டியைப் பார்த்தார்கள். பாண்டி ஆற்றுப் பக்கம் பார்த்தார். வக்கீல்தான் மெதுவாக, தரைப்பாலத்தை இதற்குள் சரிசெய்திருக்க மாட்டார்களா என்று ஆரம்பித்தார்.

"உடைஞ்சுதான் கெடக்கு" என்றார் பாண்டி.

சிக்கந்தர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எங்க பேக்கரிக்கு நாவலூத்துலருந்துதான் பால் வருது. தெனமும் நீந்தியா வருது பாண்டிண்ணே?"

எல்லாரும் சிரித்தார்கள். பாண்டியின் கை பிரேக்கை அழுத்தி அழுத்தி விட்டது. அப்போது உடைந்திருந்தது, இப்போது கட்டிவிட்டார்கள் போல என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த வார்த்தை வரவில்லை. சொல்லிவிட்டால் இத்தனை பேரோடு அந்த வாசல் வழியே போக வேண்டும். அவள் கதவைச் சாத்தினால் இத்தனை பேரும் பார்ப்பார்கள். சாத்தாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தால்? அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

டீச்சர் கூட்டத்தை உத்தமபாளையம் ரோட்டில் போகச் சொன்னார். தானும் அண்ணனும் பாலத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

போகும்போது பாண்டி ஓயாமல் பேசினார். டயரில் காற்று கூடிவிட்டது என்றார். எதிர்காற்று என்றார். மழை வரும் போலிருக்கிறது, திரும்பிவிடலாமா என்றார். டீச்சர் பின்னாலேயே மிதித்து வந்தார். நெல்வயல் முடிந்து ஆற்றங்கரை மருத மரங்கள் தெரிந்தபோது பேச்சு நின்றது.

தரைப்பாலம் முழுசாக இருந்தது. கலங்கல் தண்ணீர் அடியில் குழாய்களில் புகுந்து அந்தப் பக்கம் நுரைத்துக்கொண்டு வெளியேறியது. ஒரு பெண் எருமைகளை ஓட்டிக்கொண்டு பாலத்தில் வந்தாள். வழிவிட்டு நின்றார்கள்.

"எங்கண்ணே உடைஞ்சிருக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

பாண்டி சைக்கிளிலிருந்து இறங்கினார். பிறகு சொன்னார். மகள் பெயரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணத்துக்கு முந்தி ஒருநாள் சுகந்தி அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்ததையும், பையன் பழப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றதையும் சொன்னார். அவள், இவங்க வீட்டுக்கு ஒருமுறை வாங்கப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள். அதற்கு அவர் தெருவுக்கே கேட்கும்படி சொன்ன பதிலையும் சொன்னார்.

"அந்த வீட்டுத் தண்ணி என் தொண்டையில எறங்காதுன்னு சொல்லிட்டேன் டீச்சர்."

அதன்பின் அவள் வரவில்லை.

பாண்டிக்கு அப்போதுதான் இன்னொன்று தோன்றியது.

"பாலம் நல்லாருக்குன்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க சொன்ன மறுநாளே வந்து பாத்தேன்."

"பெறகு எதுக்கு இத்தன வருசமா எம் பின்னாடி கரட்டுல ஏறுனீங்க?"

"ரெண்டு மழைக்குள்ள கால் அசந்துரும், சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்" என்றார் டீச்சர். "ஒங்களுக்குக் கால் ரொம்பப் பலம்ணே."

பாண்டி சிரிக்கப் பார்த்தார். முகம் வேறு மாதிரி ஆனது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் தன் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். பாண்டியின் சைக்கிளிலிருந்த இரண்டு தண்ணீர் பாட்டில்களையும் உருவினார். மூடியைத் திறந்து, ஒவ்வொன்றாக ஆற்றில் கவிழ்த்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் உதறினார். மூடி, இருந்த இடத்திலேயே திரும்பச் செருகினார்.

"என்ன டீச்சர் இது?"

"வெயில் வந்துருச்சு. அந்தப் பக்கம் மலையடி வரைக்கும் கடை கெடையாது."

தண்ணீர் தீர்ந்தால் வழியிலிருக்கிற எந்த வீட்டு வாசலிலும் இறங்கிக் கேட்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். இல்லை என்று எந்த ஊரிலும் யாரும் சொன்னதில்லை. பாண்டி மட்டும் ஒரு வீட்டிலும் கேட்டதில்லை. தூரம் அதிகமானால் முதுகில் இன்னொரு பாட்டிலைக் கட்டிக்கொள்வார்.

இப்போது காலி பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கரையில் புளியமரங்களுக்கு நடுவே தகரக்கூரை வெயிலில் பளபளத்தது.

"அவ வீட்டுல இல்லன்னா?"

"பக்கத்து வீட்டுல கேளுங்க."

டீச்சர் தன் சைக்கிளை எடுத்து, வந்த வழியைப் பார்க்கத் திருப்பினார்.

"நீங்க வரலியா?"

"எங்கிட்டத் தண்ணி இருக்குண்ணே."

பாண்டி சைக்கிளில் ஏறினார். ஒரு காலைப் பெடலில் வைத்தார். இன்னொரு கால் தரையிலேயே இருந்தது. திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அவ முன்னாடி போய் நின்னு என்ன டீச்சர் சொல்ல?"

"தாகமா இருக்குன்னு சொல்லுங்க."